விலைவாசி ஏறினால் விவசாயி வீட்டுக்கு லாபமா?

(பண்ணை ஒலிபரப்புப் பேச்சு)

வெங்காய விலை ஏறிவிட்டது, பருப்பு விலை ஏறிவிட்டது என்று டவுனில் பேச்சு எழும்பும்போதெல்லாம் கூடவே இன்னொரு பேச்சும் வரும். "விவசாயிக்கு இப்பத்தான் நல்ல காலம், அவன் காட்டுல மழை" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வீட்டு அடுப்படியில் போய்ப் பார்த்தால் அந்த மழையைக் காணோம். இது ஏன் என்றுதான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வோம். வருஷத்தில் எத்தனை நாள் நாம் விற்கிறோம்? எத்தனை நாள் வாங்குகிறோம்? சம்பா நெல்லை விற்பது தை, மாசியில் ஒரு தடவை. கடலை விற்பது ஒரு தடவை. ஆனால் கடைக்குப் போவது தினமும். எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய், சோப்பு, டீத்தூள் என்று 365 நாளும் நாம் வாங்குகிறவர்கள்தான். விற்கிற நாலு நாளில் ஊரே விற்கிறது, அதனால் விலை இறங்கிக் கிடக்கும். வாங்குகிற நாளில் நம் பத்தாயம் காலி, எல்லார் பத்தாயமும் காலி, அதனால் விலை ஏறி நிற்கும். ஆக, விவசாயி வீடு விற்கும்போது மலிவு, வாங்கும்போது கிராக்கி. விலைவாசி உயர்வு நம்மை அடிக்கிற இடம் இதுதான்.

நூறு ரூபாயில் நாற்பத்தேழு

மத்திய அரசு 2023–24இல் வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்று எடுத்தது. நாடு முழுவதும் கிராமத்துக் குடும்பம் செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 47 ரூபாய் சாப்பாட்டுக்கே போகிறது. நகரத்தில் இது சுமார் 40 ரூபாய். வீட்டில் விளைந்து வீட்டில் சாப்பிட்டதற்கும் மதிப்புப் போட்டு எடுத்த கணக்கு இது.

இதற்கு என்ன அர்த்தம்? சாப்பாட்டுச் சாமான் விலை ஏறினால் நகரத்து வீட்டைவிட கிராமத்து வீட்டுக்குத்தான் அடி பலமாக விழும். சம்பளக்காரருக்குப் பஞ்சப்படி உண்டு, விலை ஏறினால் கொஞ்சமாவது கூடும். நமக்கு ஏது பஞ்சப்படி? கூலி வேலைக்குப் போகிறவர் நிலைமை இன்னும் மோசம். ஒரு காலத்தில் அறுவடைக் கூலி நெல்லாகக் கிடைத்தது. களத்தில் அளந்து கொடுத்த அந்த நெல் அவர் வீட்டில் ஆறு மாசச் சாப்பாடாக இருந்தது. அரிசி என்ன விலைக்குப் போனாலும் அந்த வீட்டுக்குக் கவலை இல்லை. அறுவடை மெஷின் வந்த பிறகு கூலி நெல் போய்விட்டது. இப்போது அவரும் எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

விலை ஏன் ஏறுகிறது?

காரணம் பல உண்டு. மழை பொய்ப்பது, மழை பெய்து கெடுப்பது, டீசல் விலை, வெளிநாட்டுச் சரக்கு வராதது, வியாபாரிகள் பதுக்குவது என்று சொல்லிக்கொண்டே போகலாம். இரண்டு உதாரணம் போதும்.

முதலாவது வெங்காயம். பெரிய வெங்காயத்துக்கு மகாராஷ்டிராவின் நாசிக் பக்கம்தான் பேர் பெற்ற இடம். அங்கே மார்ச்சு முதல் மே வரை எடுக்கிற வெங்காயத்தைப் பட்டறையில் சேமித்து வைத்து, மழைக்காலம் முடியும்வரை நாடு முழுக்கச் சாப்பிடுகிறோம். அது தீரும் சமயத்தில் புது வெங்காயம் வந்து சேர வேண்டும். 2019இல் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பருவம் தப்பிய மழை வந்தது. புதுப் பயிர் வயலிலேயே அழுகியது, பழைய இருப்பும் கெட்டது. செப்டம்பர் 29ஆம் தேதி மத்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அப்படியும் டிசம்பரில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஓடியது. எகிப்து, துருக்கியிலிருந்து கப்பலில் வெங்காயம் வந்தது.

அந்த 100 ரூபாய் யாருக்குப் போனது? மே மாதமே கடன்காரனுக்குப் பயந்து விற்றுவிட்ட விவசாயிக்குப் போகவில்லை. மழையில் பயிரை இழந்தவருக்கும் போகவில்லை. சரக்கைக் கையில் வைத்திருந்தவருக்கே போனது. விலை ஏறும்போது பொருள் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது எண்ணெய். நம் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் சண்டை ஆரம்பித்ததும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடுமாறியது. ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்று வாரம் கழித்துத்தான் திரும்ப அனுமதித்தது. அதற்குள் இங்கே எண்ணெய் விலை எங்கேயோ போய்விட்டது. எங்கோ நடக்கிற சண்டை நம் வீட்டுத் தாளிப்புக் கரண்டியில் வந்து நிற்கிறது பாருங்கள். நம் ஊர்களிலோ கடலையைத் தோலோடு மூட்டை பிடித்து விற்றுவிட்டு, அடுத்த வாரமே பாக்கெட் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போகிறோம்.

வீட்டில் முதலில் எது குறைகிறது?

விலை ஏறியதும் எந்த வீடும் சோற்றை நிறுத்துவதில்லை. வயிறு நிறைய வேண்டுமே. அதனால் சோறு அப்படியே இருக்கும், தொட்டுக்கொள்வது குறையும். முதலில் பருப்பு. கெட்டியாக இருந்த சாம்பார் ரசம் மாதிரி ஆகிறது. அடுத்தது காய்கறி. பிறகு முட்டை, பால். வீட்டில் பசு நிற்கும், ஆனால் காசு வேண்டும் என்று கறந்த பால் முழுவதும் சொசைட்டிக்குப் போய்விடும். பிள்ளைக்கு வரக்காப்பி.

வெளியிலிருந்து பார்த்தால் இந்தக் குறை தெரியாது. மூன்று வேளை அடுப்பு எரிகிறது, எல்லாரும் சாப்பிடுகிறார்கள். ஆனால் யார் தட்டில் எது விழுகிறது என்று பாருங்கள். உழைக்கிறவர் என்று ஆம்பளைக்கு முதலில், வளர்கிற பிள்ளை என்று குழந்தைகளுக்கு அடுத்து, மிஞ்சியது தாய்க்கு. சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவளுக்குப் பருப்பும் இல்லை, காயும் இல்லை. நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் விலை ஏறும் மாதங்களில் தாயின் தட்டு முதலில் காலியாவது நமக்கெல்லாம் தெரிந்த விஷயம். நாற்று நடுகிறதும் களை எடுக்கிறதும் அவள்தான். அவள் சோர்ந்தால் வீடும் சோரும், வயலும் சோரும்.

சாப்பாட்டில் பிடித்தும் போதவில்லை என்றால் அடுத்தது மருந்து. "காய்ச்சல்தானே, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்று தள்ளிப் போடுவோம். பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. கடைசியில் கம்மலும் சங்கிலியும் பாங்குக்குப் போகும். பயிருக்கு என்று நகைக்கடன் வாங்குவது ஒரு விதம், அது விளைந்து திரும்பும். மளிகைக்கடைப் பாக்கிக்கு நகைக்கடன் வாங்கினால் எது விளைந்து அதைத் திருப்பும்? வட்டியைக் கட்ட அடுத்த அறுவடையைக் களத்திலேயே விற்க வேண்டியதுதான். விற்கும்போது மலிவு என்று முதலில் சொன்னேனே, அந்த மலிவுக்கு நம்மை இழுத்துக்கொண்டு போவது இந்தக் கடன்தான்.

காசு இருந்தும் பொருள் இல்லாத காலம்

விலை ஏறுவது ஒரு கஷ்டம். காசைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் கிடைக்காமல் நிற்பது அதைவிடப் பெரிய கஷ்டம். வயதானவர்களுக்கு 1974 ஞாபகம் இருக்கும். 1972இல் நாட்டின் பல பாகங்களில் மழை பொய்த்தது. 1973 அக்டோபருக்குப் பிறகு சில மாதத்துக்குள் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு ஆனது. உரமும் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. 1974–75இல் மொத்த விலைவாசி சுமார் 25 சதவீதம் ஏறியது.

அண்மைக் காலத்தில் நம் பக்கத்து நாடான இலங்கையில் இதைப் பார்த்தோம். 2021 மே மாதம் அங்கே இரசாயன உர இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டது. இயற்கை உரம் நல்லதுதான். ஆனால் மண்ணையும் விவசாயியையும் தயார் செய்யாமல் ஒரே பருவத்தில் மாறு என்றால் எப்படி முடியும்? நவம்பரில் தடையை விலக்கினார்கள், அதற்குள் பட்டம் தவறிப் போய்விட்டது. நெல் விளைச்சல் விழுந்தது. அதே சமயம் வெளிநாட்டுப் பணமும் தீர்ந்து, 2022இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள் விலை ஒரு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. நூறு ரூபாய்ச் சாமான் நூற்றுத் தொண்ணூற்றைந்து. தமிழ்நாட்டிலிருந்து அரிசி, பால் பவுடர், மருந்து எல்லாம் கப்பலில் போயின.

அந்த நாளில் அங்கே தாக்குப் பிடித்தவர்கள் யார்? பணம் உள்ளவர்கள் ஒரு பக்கம். கொல்லையில் மரவள்ளியும் முருங்கையும் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் ஒரு துணை. பொருள் யார் கையில் இருக்கிறது என்று கேட்டோமே, அந்தக் கேள்விக்கு வீட்டுக் கொல்லையும் ஒரு பதில்தான்.

விலையைத் துரத்தாதீர்கள்

இங்கே நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. நம் மாநிலத்தில் ரேஷன் கடையில் வைத்து 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அந்த வருஷம் கோடையின் தொடக்கத்தில் தக்காளி சீப்பட்டுப் போனதால் பலர் அடுத்த நடவைக் குறைத்திருந்தார்கள். அதோடு வெயிலும் மழையும் நோயும் சேர்ந்துகொண்டன. விலை ஏறியதைப் பார்த்ததும் என்ன நடந்தது? ஊரெல்லாம் தக்காளி நாற்று. தக்காளிக்கு விதை போட்டு முதல் பறிப்புக்கு வர ஏறக்குறைய மூன்று மாசம் ஆகும். எல்லாரும் ஒரே சமயத்தில் நட்டால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில்தானே காய்க்கும்? செப்டம்பரில் தோட்டத்து விலை கிலோ 10 ரூபாய்க்கும் கீழே போயிற்று. பறிகூலி கட்டாமல் செடியிலேயே விட்டவர்கள் உண்டு.

துவரையிலும் இதே கதைதான். மழை குறைந்த 2015இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் வரை போனது. எல்லாரும் துவரை போட்டார்கள், மழையும் பெய்தது. 2016–17இல் விளைச்சல் குவிந்து, குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று அறிவித்த ஆதரவு விலைகூடப் பல சந்தைகளில் கிடைக்கவில்லை.

இன்றைக்கு இருக்கிற விலை, இன்றைக்குச் சரக்கு வைத்திருப்பவருக்கு. நாம் நடுகிற பயிருக்கு மூன்று மாசம் கழித்து இருக்கப்போகிற விலைதான் நம் விலை. ஆகையால் எல்லாரும் ஓடுகிற பக்கம் முழு நிலத்தையும் கொண்டுபோய்ப் போடாதீர்கள். ஒரு பங்கு போடுங்கள், மீதிக்கு வேறு பயிர் வையுங்கள்.

என்ன செய்யலாம்?

முதல் காரியம், வீட்டுச் சாப்பாட்டு நெல்லை விற்காதீர்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். ரேஷன் அரிசி போக உங்கள் வீட்டுக்கு மாசம் 25 கிலோ அரிசி தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 300 கிலோ. 100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 67 கிலோ அரிசி. ஆக 450 கிலோ நெல் வேண்டும், 75 கிலோ மூட்டையில் 6 மூட்டை. 2025–26 பருவத்துக்கு சாதாரண ரக நெல் கொள்முதல் விலை, தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அந்த 6 மூட்டையை விற்றால் 11,250 ரூபாய் வரும். அதே 300 கிலோ அரிசியைக் கடையில் கிலோ 55 ரூபாய் என்று வாங்கினால் 16,500 ரூபாய். வித்தியாசம் 5,250. அரைவைக் கூலி, காயவைக்கிற கூலி, வண்டி வாடகை என்று 1,250 போனாலும் 4,000 ரூபாய் மிச்சம். தவிடு வேறு மாட்டுக்கு ஆகும். அரிசி விலை இன்னும் ஏறினால் மிச்சமும் ஏறும்.

வைக்கிற நெல்லை நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசணம் பிடிக்கும், அந்துப்பூச்சி விழும். மூட்டையைத் தரையில் போடாமல் மரக்கட்டை மேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நொச்சி, வேப்பிலை போடுகிற பழக்கத்தை விடவேண்டாம்.

"கடன்காரன் வாசல்ல நிக்கிறானே, எப்படி வைக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கிடங்கு இருக்கிறது. விளைபொருளை அங்கே இருப்பு வைத்து அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அவசரக் கடனை அதில் தீர்த்துவிட்டு, விலை வந்தபின் விற்கலாம். உங்கள் பகுதிக் கூடத்தில் வட்டியையும் கெடுவையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்கறி விளைவிப்பவர்களுக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் முதலாவது தொடங்கியது. இடையில் தரகு இல்லாமல் நாமே விற்கலாம்.

இரண்டாவது, பருப்பு. வீட்டில் முதலில் குறைவது பருப்பு என்று பார்த்தோம். வயல் வரப்பு சும்மாதானே கிடக்கிறது? அதில் உளுந்தோ துவரையோ ஊன்றுங்கள். டெல்டா பக்கத்தில் நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்னால் ஈரத்தில் உளுந்து தெளிப்பது தெரிந்த பழக்கம். வந்ததை எல்லாம் விற்காமல் ஒரு வருஷப் பருப்பை எடுத்து வையுங்கள். பல்லில் கடித்தால் கடக்கென்று உடைகிற அளவுக்குக் காயவேண்டும். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி சமையல் எண்ணெய் விட்டுப் பிசறி வைத்தால் வண்டு விழாது. துவரைக்குச் செம்மண் கட்டி உடைக்கிற முறை நம் பாட்டிமார்கள் கொடுத்த சொத்து. முழுசாக வைப்பதைவிட உடைத்த பருப்பில் வண்டு குறைவு.

மூன்றாவது, கொல்லை. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் போகிற பக்கத்தில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, நாலு கத்தரி, ஒரு அவரைக்கொடி, ஒரு பாத்தி கீரை. இதற்கு நிலம் வேண்டியதில்லை, கூலிக்காரர் வீட்டிலும் முடியும். தக்காளி நூறு ரூபாய்க்குப் போனால் போகட்டும், முருங்கைக்கீரைக் குழம்புக்குக் கடைக்குப் போக வேண்டாம். நாலு கோழி இருந்தால் பிள்ளைக்கும் தாய்க்கும் முட்டை.

நான்காவது, ரேஷன். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள். வெளியில் விலை ஏற ஏற இதன் மதிப்பு கூடும். மாசக் கடைசி என்று விட்டுவிடாதீர்கள். சரக்கு வந்த அன்றே விசாரித்து வாங்குங்கள்.

ஐந்தாவது, வாங்குகிற முறை. தினம் பத்து ரூபாய் பாக்கெட் வாங்குகிறவர்தான் கிலோ விலையில் அதிகம் கொடுக்கிறார். விலை மாறாமல் எடை குறைந்த பாக்கெட்டுகளும் உண்டு. அட்டையில் விலையைப் பார்க்கிற மாதிரி எடையையும் பாருங்கள். மகளிர் குழுவில் பத்து வீடு சேர்ந்து புளி, மிளகாய், மல்லியை அறுவடைக் காலத்தில் மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக் கொள்ளலாம். கடலை போட்டவர்கள் வீட்டு எண்ணெய்க்கு வேண்டியதைச் செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்ளலாம், பிண்ணாக்கும் நமக்கே. வருஷத் தேவைக்கு எடுத்து வைப்பது சேமிப்பு. தட்டுப்பாடு வந்தபின் ஓடிப்போய் பத்து மடங்கு வாங்குவது பதுக்கல். அது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பங்கையும் சேர்த்து எடுப்பது.

கடைசியாக ஒரு நோட்டு. உரத்துக்கு எவ்வளவு, உழவுக்கு எவ்வளவு என்று கணக்கு வைக்கிறோம். அடுப்படிக்கு எவ்வளவு என்று எத்தனை பேர் எழுதுகிறோம்? மாசம் மாசம் எழுதி வாருங்கள். எதை விற்றோம், என்ன விலைக்கு, அதையே எப்போது திரும்ப வாங்கினோம், என்ன விலைக்கு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருஷம் முடிந்ததும் வீட்டுத் தாய்மார்களோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். எந்தப் பொருளை விற்றிருக்கக் கூடாது என்று அந்த நோட்டே சொல்லும்.

உலகச் சந்தை விலையை நம்மால் நிறுத்த முடியாது. மழையையும் நிறுத்த முடியாது. நம் வீட்டு வாசலைத் தாண்டி எது வெளியே போக வேண்டும், எது உள்ளே தங்க வேண்டும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. வருகிற அறுவடையில் வியாபாரியின் சாக்கு களத்துக்கு வருவதற்கு முன்னால், வீட்டுக்கு உண்டான ஆறு மூட்டையைத் தனியாக அளந்து வையுங்கள்.